கேப் டவுனுக்குக் கிளம்பும் முன் வண்டியை எடைபோடுங்கள்

என் பட்டறைச் சுவரில் ஓர் இரும்புத் துண்டு தொங்குகிறது. காரின் கூரையில் பொருத்தும் கேரியரின் நான்கு கால்களில் ஒன்று. நமீபியாவின் சரளைச் சாலையில் உருண்டுபோன ஒரு பெஜோ 504 காரிலிருந்து பிய்ந்து விழுந்தது. காரை ஊருக்குக் கொண்டுவர முடியாத அதன் உரிமையாளர், இதை மட்டும் துணிப்பையில் சுற்றி விமானத்தில் எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். அந்தக் கார் அவருடைய அப்பா ஓட்டியது. அதன் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவன் நான்.

நைரோபியின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழைய கார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். அந்த இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. வண்டியின் தலைமேல் என்னென்ன ஏறப்போகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. கூரைக் கூடாரம், இரண்டாவது ஸ்டெப்னி, பெட்ரோல் கேன்கள், ஒரு பெட்டி நிறைய உதிரிபாகங்கள் எல்லாம் கிளம்புவதற்கு முந்தைய இரவு ஏறின. கணவனும் மனைவியும் உயிர் தப்பினார்கள்; கணவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து நெடும்பயணத்துக்குப் போகும் எந்த வண்டியையும் எடைமேடையில் ஏற்றிப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

இன்ஜின் அறையில் ஒரு சிறு தகடு பதித்திருப்பார்கள். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி அதிகபட்சம் எத்தனை கிலோ இருக்கலாம், முன் ஆக்சில் எவ்வளவு தாங்கும், பின் ஆக்சில் எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கும். பயணத்துக்குக் கட்டியபடியே, டேங்கை நிரப்பி, போகிற எல்லோரையும் உட்காரவைத்து, லாரிகளுக்கான எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றுங்கள், பிறகு முழு வண்டியை. முழு எடையிலிருந்து முன்பக்க எடையைக் கழித்தால் பின்பக்க எடை கிடைத்துவிடும். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பின் ஆக்சிலின் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். யாருக்கும் அது முன்பே தெரிந்திருக்கவில்லை. இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. இருபது லிட்டர் பெட்ரோல் பதினைந்து கிலோ, கேனின் எடை தனி. சிறு சிறு பொருள்களாக ஏறுவதால் மனம் கூட்டிப் பார்ப்பதில்லை.

கூரைக்குத் தனி எல்லை உண்டு. பழைய செடான்கள் பலவற்றில் அது 75 கிலோவைத் தாண்டாது. இரண்டு பேர் படுக்கும் கூரைக் கூடாரம் ஒன்றே ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டி அதைத் தாங்கும். வரிவரியாக அலைபோல் இறுகிக் கிடக்கும் சரளைச் சாலையில் ஓடும்போது கதை வேறு. டயர் ஒவ்வொரு மேட்டிலும் தரையை விட்டு எழும்பி எழும்பி விழுகிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு கிடையாது. லேசான வளைவில் பின்பக்கம் விலகும். பதறி ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பீர்கள். டயர் திடீரென்று பிடித்துக்கொள்ளும். மேல்பாரம் உள்ள வண்டி அந்த நொடியில் கவிழ்கிறது. நமீபியாவில் வாடகைக்குக் கார் தருபவர்கள் சரளையில் 80 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது இதற்காகத்தான். பாரம் ஏற்றிய பழைய செடானுக்கு நான் சொல்லும் வேகம் 60.

"இது சஃபாரி ராலியில் ஜெயித்த வண்டி, தாங்காதா?" என்று, இங்கே நடக்கும் புகழ்பெற்ற கார்ப் பந்தயத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. 1975இல் 504 செடானும் 1978இல் அதன் வி6 கூபேயும் வென்றன. அதற்கும் முன்பு, 1965இல் ஜோகிந்தர் சிங் வால்வோ பிவி544 காரில் வென்றதை இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்த வண்டிகளில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். காரின் உடற்கூட்டுக்கு வலுவூட்டியிருந்தார்கள், வழி நெடுக மெக்கானிக்குகள் காத்திருந்தார்கள். கூரையில் யாரும் வீட்டைக் கட்டிக்கொண்டு ஓட்டவில்லை.

எடை தெரிந்தால்தான் டயர் காற்றைச் சரியாக வைக்க முடியும். சரளையில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும், குலுக்கலும் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும், அதுவும் மெதுவாக ஓட்டினால் மட்டும். அளவுக்கு மீறிய பாரத்தோடு காற்றையும் குறைத்துவிட்டு வேகமாக ஓட்டினால், டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். தார்ச்சாலை வந்ததும் நிறுத்திக் காற்றடித்துவிட்டே போக வேண்டும். எனவே டயரில் காற்றடிக்கும் சிறிய பம்பு, காற்றழுத்தம் பார்க்கும் கருவி இரண்டும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும்.

மணிக்கு ஒருமுறை இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால், பேரிங் போகிறது அல்லது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று பொருள். ஷாக் அப்சார்பர்களையும் பாருங்கள். இடைவிடாத குலுக்கலில் உள்ளிருக்கும் எண்ணெய் கொதித்து, சீல் கிழிந்து, வெளியே கசிந்திருக்கும். ஐந்து நிமிட வேலைதான். நான் அறிந்த பாதி விபத்துகள் இந்த ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

நைரோபியிலிருந்து நமங்கா, அருஷா, டொடோமா, எம்பெயா, துண்டுமா எல்லை, ஜாம்பியாவில் எம்பிகா, லுசாகா, லிவிங்ஸ்டன், பிறகு போட்ஸ்வானா, நமீபியா வழியாகக் கேப் டவுன். நடுவில் பார்க்கப் போகும் இடங்களையும் சேர்த்தால் 6,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். 2021இல் ஜாம்பேசி ஆற்றின்மேல் ஜாம்பியாவையும் போட்ஸ்வானாவையும் இணைக்கும் கசுங்குலா பாலம் திறந்தபின் அந்த இடத்தில் படகுக்குக் காத்திருக்கும் நாட்கள் போய்விட்டன. இவ்வளவு தூரமும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது ஒரு வசதி. தான்சானியாவில் ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகம்தான். போலீசார் கருவியோடு நிற்பார்கள். இறக்கங்களில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பாரம் ஏற்றிய வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பாதி மலையிலேயே பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போகும்.

இருட்டில் ஓட்டவே வேண்டாம். போட்ஸ்வானாவின் நெடுஞ்சாலைகளில் கழுதைகளும் மாடுகளும் நிற்கும். கசுங்குலாவிலிருந்து நாட்டா என்ற ஊர்வரை போகும் சாலையை யானைகள் கடக்கும், அங்கே வேலி கிடையாது. பழைய காரின் மஞ்சள் வெளிச்சத்தில் சாம்பல் நிற யானை தெரியவே தெரியாது.

பழைய காருக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. இவற்றைப் புதிய வண்டி ஓட்டுபவர்கள் சொல்லித்தர மாட்டார்கள். நைரோபி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிந்திருப்பதால், அதற்கேற்றபடி கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்போம். அதே அமைப்போடு ஸ்வகோப்முண்டிலோ கேப் டவுனிலோ கடலோரத்தில் ஓட்டினால் காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறித் தட்ட ஆரம்பிக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகள் என்ற சிறு துளைக்குழாய்களை மாற்ற வேண்டும்; அவை ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும், எடுத்துப் போங்கள். தீப்பொறி விழும் நேரமான டைமிங்கையும் அங்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வழியை மாற்றி ஜிம்பாப்வே, மலாவி பக்கம் போனால், அங்கே பெட்ரோலோடு எத்தனால் கலக்கிறார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து உரித்துவிடும். உரிந்த துகள் கார்புரேட்டரை அடைக்கும். குழாய் வெடித்தால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் கொட்டும். பட்டறையில் நான் பார்த்த தீ விபத்துகள் இப்படித்தான் தொடங்கின. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், பெட்ரோல் ஃபில்டர்கள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள், தீயணைப்புக் கருவியை டிக்கியின் அடியில் புதைக்காமல் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் 2006 முதல் கிடைப்பதில்லை. இரும்பு ஹெட் கொண்ட 1960களின் கார் என்றால், ஈயம் இல்லாமல் அதன் வால்வு சீட்டுகள் தேயும்; அவை கடினமானவையாக மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உதிரிபாகப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டிமேல் பாசம் வைத்தவர்கள் இன்னொரு வண்டியையே பெட்டிக்குள் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அந்த எடையே ஸ்பிரிங்கை ஒடிக்கிறது. ஒடிந்த பின்பு பெட்டியில் ஸ்பிரிங் இருக்காது. பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், வாட்டர் பம்ப், பாயிண்ட், கண்டென்சர், ஒரு கிளட்ச் கேபிள், ஹெட் கேஸ்கட், முன்சக்கர பேரிங் ஒரு ஜோடி. இவ்வளவு போதும். மற்றவற்றை வழியில் இருக்கும் ஃபுண்டிகள் (கைவினை மெக்கானிக்குகள்) பார்த்துக்கொள்வார்கள். மரத்தடியில் வெல்டிங் மிஷினோடு உட்கார்ந்திருக்கும், இங்கே ஜுவா காளி என்று அழைக்கப்படும் திறந்தவெளித் தொழிலாளி, பெஜோவின் ஸ்பிரிங்கை லாரித் துண்டிலிருந்து செய்து தருவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நம்புங்கள், உரிய கூலியைக் கொடுங்கள்.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லையில் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிடுவார்கள்; இன்ஜினை மாற்றியிருந்தால் கிளம்பும் முன்பே பதிவுப் புத்தகத்தில் திருத்துங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமானது இது: நீங்கள் ஓட்டிப்போகும் கார் அந்த நாட்டுக்குள் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்ட பொருள். அது உருண்டு நொறுங்கினாலும் சாலையோரம் விட்டுவிட்டு வர முடியாது. போலீஸ் அறிக்கையும் சுங்கத்துறையின் கையெழுத்தும் இல்லாவிட்டால் அதற்கான வரியை உங்களிடம் கேட்பார்கள். தோள் முறிந்த அந்த மனிதர், கட்டுப்போட்ட கையோடு இரண்டு வாரம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அப்பாவின் காரைக் கைவிடுவதாகத் தானே கையெழுத்துப் போட்டதுதான் எலும்பு முறிவைவிட வலித்தது என்று என்னிடம் சொன்னார்.

போன ஆண்டு ஒரு தம்பதி தங்கள் 504 ஸ்டேஷன் வேகனைக் கொண்டுவந்தார்கள். எடைமேடையில் பின் ஆக்சில் 130 கிலோ அதிகம் காட்டியது. அந்த அம்மா அங்கேயே பாயை விரித்து எல்லாவற்றையும் இறக்கிவைத்தார். கூரைக் கூடாரம் போய்த் தரைக்கூடாரம் வந்தது. இரும்பு கேன்களில் ஒன்று மட்டும் திரும்ப ஏறியது. மறுபடி எடைபோட்டபோது எல்லைக்கு 20 கிலோ கீழே நின்றது. ஏழு வாரம் கழித்து அதே வண்டி தானாக ஓடி என் பட்டறை வாசலுக்கு வந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றுதான் மாற்ற வேண்டியிருந்தது.

ஜாம்பியா, போட்ஸ்வானா பக்கம் மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கும் என்பதால் பலரும் ஜூனில் கிளம்புகிறார்கள். அப்படியென்றால் மார்ச்சிலேயே வண்டியைக் கொண்டுவாருங்கள். ரப்பர் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்துசேரவே ஆறு வாரம் ஆகிறது. அவற்றைப் பூட்டிய பின் பாரத்தோடு 500 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்க வேண்டும். வரும்போது கொண்டுபோகப் போகும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டே வாருங்கள்.