பழைய வீடு வாங்கும்முன் கூரைக்குள் தலையை நீட்டுங்கள்

கோலாலம்பூரில் பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், சமையலறை மேடையைத் தட்டிப் பார்க்கிறார்கள், வாசல் எந்தத் திசை என்று கேட்கிறார்கள். கூரையை அண்ணாந்து பார்ப்பவர் அரிது. செந்தூல், செகாம்புட், செராஸ் வட்டாரங்களில் 40 ஆண்டு தாண்டிய வரிசை வீடுகளைச் சோதிக்கும் கட்டட ஆய்வாளன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் பெருஞ்செலவு வைப்பது பெரும்பாலும் தலைக்கு மேலே இருப்பதுதான்.

மேம்பாட்டாளரிடம் புதுவீடு வாங்கினால், வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை அவரே சரிசெய்து தரவேண்டும். ஒருவர் குடியிருந்த வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும். கையெழுத்திட்ட பிறகு ஒழுகினால் அது உங்கள் பாடு. ஆகவே முன்பணம் கொடுக்குமுன்பே சோதித்துவிட வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அவர் பார்ப்பது வீட்டின் விலையை. கூரைக்குள் ஏறிப் பார்ப்பது அவர் வேலை அன்று.

மழை விட்டதும் போய்ப் பாருங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகல் இடிமழைக்குப் பஞ்சமில்லை. முகவர் காலை பத்து மணி என்றால் நீங்கள் மாலை ஐந்தைக் கேளுங்கள். வீடெங்கும் சாயம் மங்கியிருக்க, மாடி அறையின் உட்கூரையில் மட்டும் ஓரிடத்தில் புது வெள்ளை தெரிந்தால் அங்கேயே நின்று காரணம் கேளுங்கள். பிறகு ஏணி போட்டு, உட்கூரைத் திறப்பின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள்.

அண்மையில் செராஸில் பார்த்த ஒரு வீட்டில், கீழே ஒரு கறைகூட இல்லை. மேலே கைமரங்களுக்கு நடுவில் ஒரு பெயிண்ட் வாளி, முக்கால்வாசி தண்ணீர், அதில் நெளியும் கொசுப்புழுக்கள். டெங்கியையும் சேர்த்தே விற்கப் பார்த்திருக்கிறார் மனிதர்! வாளிக்கு நேர்மேலே ஓடுகள் நன்றாகவே இருந்தன. கைமரத்தில் ஓடிய கறுத்த கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், பத்தடி தள்ளி, எப்போதோ கழற்றிய சூரிய வெந்நீர்த் தொட்டி விட்டுப்போன துளை. தண்ணீர் புகும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. சொட்டும் இடத்தில் சிலிக்கோன் பூசிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். அந்தக் கைமரத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன்; ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. உடைந்த ஓடுகளை மாற்றுவது சின்ன வேலை. மரம் உளுத்தாலோ கறையான் ஏறினாலோ கூரையையே பிரிக்கவேண்டி வரும்.

முகட்டு ஓடுகளுக்கு அடியில் வெடித்த சாந்து, இரு சரிவுகள் கூடும் பள்ளத்தில் துருப்பிடித்த தகடு, பின்புறம் நீட்டிக் கட்டிய சமையலறைக் கூரை பழைய சுவரோடு சேரும் இடம் ஆகியவற்றையும் பாருங்கள். கடைசியாகச் சொன்னது ஒழுகாத வீட்டை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். பழைய உட்கூரைத் தகடுகள் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அவற்றை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

குறையைச் சொன்னதும் விற்பவர் “நானே சரிசெய்து தருகிறேன்” என்பார். போகிற வீட்டுக்கு யாரும் நல்ல மரம் வாங்கிப் போடமாட்டார்கள். விலையைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். 90 விழுக்காடு கடனில் வாங்குகிறீர்கள், விலையில் 20,000 ரிங்கிட் குறைகிறது என்றால், உங்கள் கையில் மிஞ்சுவது 2,000 ரிங்கிட்தான். மற்ற 18,000 கடனில் குறையும். கூரைக்காரருக்கோ முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்கவேண்டும்.

கைப்பணம் குறைவானவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை வழக்கறிஞர் பொறுப்பில் நிறுத்திவைத்து, பழுது முடிந்து உங்கள் தரப்பு ஆய்வாளர் பார்த்த பிறகே விடுவிக்க வேண்டும் என ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு வங்கியின் ஒப்புதல் தேவையா என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எந்தக் கைமரம், எந்தத் தகடு, எத்தனை அடி என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ‘கூரை பழுது பார்க்கப்படும்’ என்று மட்டும் எழுதினால் நீர்த்தடுப்புச் சாயம் பூசி வேலையை முடித்துவிடுவார்கள். விற்பவர் எதற்கும் இணங்காவிட்டால், கூரைக்காரர்கள் இருவரிடம் எழுத்தில் விலை வாங்கி, இரண்டில் பெரிய தொகையை உங்கள் கைச்செலவோடு கூட்டி, அப்போதும் வீடு கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள்.