சொல் விளக்கம்: ரியொக்கன்

ஜப்பானின் மரபுவழி விடுதியைக் குறிக்கும் இந்தச் சொல்லை ரியோகான், ரியோகன், ர்யோகான் என்று தமிழில் விதவிதமாக எழுதுகிறோம். ஜப்பானியர் பேச்சில் அதில் நெடிலே கிடையாது. ஆங்கில எழுத்து வழியாக வந்ததால் குறில் எது, நெடில் எது என்று தெரியாமல் போய்விட்டது. ஒகரமும் ஓகாரமும் தனித்தனியாக வைத்திருக்கும் நமக்கு அந்தக் குழப்பம் எதற்கு? ‘ரியோ’ என்று நீட்டினால் அது ஓர் ஆளின் பெயர்: 1758 முதல் 1831 வரை வாழ்ந்த ஜென் துறவி, கவிஞர் ரியோகன். அப்புறம், சொல் நடுவில் ஒற்றைக் ‘க’ வந்தால் நாம் மெலித்துத்தான் படிப்போம். ஆகவே ‘ரியொக்கன்’ என்று எழுதினால் ஒலி ஓரளவு சரியாக வரும். மொழி முதலில் ரகரம் வராது என்று ‘இரியொக்கன்’ ஆக்கலாம்தான். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

சொல் இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்து ‘ரியொ’. இன்று அதற்குப் பயணம் என்று பொருள். பழஞ்சீனத்தில் கொடியின்கீழ் திரண்டு செல்லும் படைப்பிரிவுக்கு வைத்த எழுத்து அது. ‘கன்’ என்பது பெரிய கட்டடம். நூலகத்துக்கு ஜப்பானியர் சொல்லும் ‘தொஷொகன்’, திரையரங்குக்குச் சொல்லும் ‘எய்கக்கன்’ இரண்டிலும் வருவது இதே கன்தான். நம்முடைய ‘-அகம்’ செய்கிற வேலையை அது செய்கிறது. சுவையான செய்தி அந்த எழுத்தின் உள்ளே இருக்கிறது: அதன் இடப்பாதி ‘உண்’ என்னும் எழுத்து. விருந்தினர் தங்கும் மனை என்பதே சீனத்தில் அதன் பழைய பொருள்.

இவ்வகை விடுதிகள் இந்தப் பெயரைவிடப் பழையவை. யமனஷி மாகாணத்து மலையிடுக்கில் வெந்நீர் ஊற்றை ஒட்டி இருக்கும் கெய்யுன்கன் விடுதி 705-இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள்; உலகின் மிகப் பழைய விடுதி என்று 2011-இல் கின்னஸ் அதை ஏற்றுக்கொண்டது. எடோ ஆட்சிக் காலத்தில் (1603–1868) வழிப்போக்கர் தங்கிய இடத்துக்கு மக்கள் வழங்கிய பெயர் ‘ஹதாகொ’. முதலில் அது குதிரைக்குத் தீனி கொண்டுபோகும் கூடைக்குப் பெயர். பிறகு பயணியின் கட்டுச்சோற்றுக் கூடைக்கு ஆகி, கடைசியில் சாப்பாடு போட்டுத் தங்கவைக்கும் விடுதிக்கே ஆகிவிட்டது. காசு குறைந்தவர்கள் ‘கிச்சின்யதோ’வுக்குப் போவார்கள். அங்கே விறகுக்குக் காசு கொடுத்துவிட்டுத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். பிரபுக்களுக்குத் தனியாக ‘ஹொன்ஜின்’. ரயில் வந்து நெடுஞ்சாலைப் பயணம் ஓய்ந்ததும் ஹதாகொக்கள் மங்கின. ரியொக்கன் என்ற பெயர் நிலைத்தது.

சரி, ஓட்டலில் இல்லாத எது இங்கே இருக்கிறது? தத்தாமி பாயும் தாள் ஒட்டிய தள்ளுகதவும் உடனே கண்ணில் படும். ஆனால் உண்மையான வேறுபாடு கணக்கில் தெரியும். கட்டணம் பெரும்பாலும் அறைக்கு இல்லை, தலைக்கு. ‘இப்பாக்கு நிஷொக்கு’ என்பார்கள்: ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு. அந்தச் சாப்பாடு வீட்டுக்காரர் நேரத்துக்கு நடக்கும். பிற்பகல் மூன்று மணிவாக்கில் போய்ச் சேர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் தேநீரும் ஒரு தின்பண்டமும் வரும். இரவுச் சாப்பாடு ஆறு, ஏழு மணிக்கு. ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வந்தால் சாப்பாடு கிடைக்காது, சமைத்தவர்களுக்கும் மனவருத்தம். சாப்பிட்டு முடிப்பதற்குள் மெத்தை விரித்திருப்பார்கள். பகலில் அந்த அறையில் படுக்கை என்ற பொருளே இராது. காலையில் சுட்ட மீன், சோறு, மிசோ சூப், ஊறுகாய். பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

சுருக்கமாக, ஒரு மாலைப் பொழுதை அப்படியே அவர்கள் கையில் ஒப்படைக்கிறோம். அதை நடத்துபவர் ‘ஒகாமி’, அந்த வீட்டின் தலைவி. எழுதும்போது ‘பெண்’, ‘தளபதி’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். மிகைப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. அறைக்கு வந்து பரிமாறும் பெண்கள் ‘நக்காய்’.

தங்கியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் குளியலறை. பொதுத் தொட்டி ஊறுவதற்கு மட்டும். வெளியே தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து முடித்த பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும், அதுவும் உடை ஏதுமின்றி. துண்டு தண்ணீரில் படக்கூடாது. உடுத்தக் கொடுக்கிற யுக்காத்தா என்னும் மெல்லிய அங்கியை அணியும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும்; வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. கழிவறைச் செருப்போடு அறைக்குத் திரும்பி நடந்து வருவது வெளிநாட்டார் எல்லோரும் ஒருமுறை செய்யும் பிழை. சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: காய்கறிக் குழம்பில்கூடக் காய்ந்த மீனில் எடுத்த சாறு இருக்கும். கோயாசான் மலையின் கோயில் விடுதிகளில் (‘ஷுக்குபோ’) அந்தக் கவலை இல்லை. அங்கே துறவிகளின் மரக்கறி உணவு.

இனி தமிழ்ச்சொல். அகராதிகள் ‘ஜப்பானிய விடுதி’ என்று முடித்துக்கொள்கின்றன. விடுதி என்றதும் மாணவர் விடுதிதான் நினைவுக்கு வருகிறது. சத்திரம் அறத்துக்குக் கட்டியது, காசு வாங்காதது. எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘பயணகம்’. பயணத்துக்குச் சங்கச் சொல் ‘செலவு’, ஆக ‘செலவகம்’ என்றும் சொல்லலாம். நல்ல ரியொக்கனின் கட்டணச் சீட்டைப் பார்த்தவர்கள் பொருத்தமாக இருக்கிறது என்பார்கள்! ‘விருந்தகம்’ அழகாக இருக்கிறது, விருந்து என்பதற்குப் புதியவர் என்ற பழம்பொருளும் உண்டு. ஆனால் இன்று அது கல்யாணப் பந்தியைத்தான் காட்டுகிறது.

என் தேர்வு ‘உண்டுறை மனை’. உண்டு உறைவிடப் பள்ளி என்ற வழக்கு ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாப்பாடும் தங்கலும் பிரியாதவை என்பதும் அதில் வந்துவிடுகிறது. ‘கன்’ எழுத்துக்குள் இருக்கும் அந்த ‘உண்’ணும் தப்பவில்லை. குடும்பம் நடத்தும் எளிய ‘மின்ஷுக்கு’வை ‘இல்லத் தங்கல்’ எனலாம்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 1948-இன் ஜப்பானிய விடுதிச் சட்டம் ஓட்டலையும் ரியொக்கனையும் தனித்தனி வகைகளாக வைத்திருந்தது. 2018-இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் தரும் ரியொக்கன்களும் இருக்கின்றன. அவற்றை ‘உண்டுறை மனை’ என்றால் பொய்யாகிவிடும். அங்கே ‘ஜப்பானியத் தங்குமனை’ என்று எழுதுங்கள்.