கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடலை பிடுங்கும்போது அவருடைய அம்மாவின் விரலில் பாம்பு கடித்துவிட்டது. சுருட்டையா மண்ணுளியா என்று வரப்பிலேயே வாக்குவாதம். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்து, இருபது நிமிடம் காத்திருந்துதான் விஷமுறிவு மருந்து ஏற்றினார்களாம். நள்ளிரவில் மறுபடியும் அதே சோதனை. "எதற்காக இரண்டு முறை?" என்று கேட்கிறார். அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார் என்பதால் நிம்மதியாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த வரப்பு வாக்குவாதம். நம் பக்கத்தில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரை, நீர்க்கோலி, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் ஆகியவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. ஏட்டில் சுலபம், கண்ணுக்குச் சுலபமில்லை. வீட்டுச் சுவரேறும் வெள்ளிக்கோல் வரையனையே பாருங்கள். விஷமற்றது. அதன் பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலையை ஒட்டிப் பட்டை மங்கியோ இல்லாமலோ இருக்கும். பின்னால் போகப்போக இரட்டை இரட்டையாகத் தெளியும். நடுமுதுகில் அறுகோணச் செதில்கள் ஒரே வரிசையாக ஓடும். பாயில் படுத்திருந்து கடிபட்டவர் டார்ச் வெளிச்சத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எது கடித்தாலும் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இனி அந்தக் குழாய். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றின் விஷம் ரத்தத்தைத் தண்ணீராக்கிவிடும் என்பார்கள். ஆனால் அது தொடங்குவது நேர் எதிராக, ரத்தத்தை உறையவைப்பதில்! ரத்தத்தில் உறைவுக் காரணிகள் என்ற புரதங்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. காயம் பட்டால் ஒன்று மற்றொன்றை எழுப்பும். கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நூல்நூலாகத் திரண்டு காயத்தை அடைக்கும். கண்ணாடி விரியனின் விஷம் 10ஆம், 5ஆம் காரணிகளை எழுப்பிவிடுகிறது. சுருட்டையின் விஷம் நேராகப் புரோத்ராம்பின் என்ற காரணியையே எழுப்புகிறது. காயமே இல்லாத இடங்களில் எல்லாம் நூல் திரள்கிறது. திரளத் திரள உடல் அதைக் கரைக்கிறது. பந்தி போடும் முன்பே பண்டம் தீர்ந்த கல்யாண வீடுபோல, உண்மையான காயத்தை அடைக்க ஃபைப்ரினோஜன் மிஞ்சுவதில்லை. இதே கண்ணாடி விரியன் விஷத்தை நீர்க்கவைத்து, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தப்போக்கை நிறுத்த முடியும் என்று 1934இல் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் லண்டனில் காட்டினார்கள்.

குழாய் ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும்? கண்ணாடியின் பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. 12ஆம் காரணி அதில் ஒட்டியதும் விழித்துக்கொள்ளும். சங்கிலி ஓடத் தொடங்கும். நல்ல ரத்தம் இருபது நிமிடத்துக்குள் கட்டியாகிவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் இல்லை. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. புதிய, உலர்ந்த குழாயில் 2 மில்லி ரத்தம், ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தல். வழிந்தோடினால் பெரும்பாலும் அந்த இரு விரியன்களில் ஒன்றுதான். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைவிட அழகானது இல்லை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. அவற்றுக்கு டாக்டர் பார்ப்பது கண் இமை சரிகிறதா என்பதை.

வரப்பில் செய்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், வளையலைக் கழற்றி, எலும்பு முறிந்த கைக்குப் போல மட்டை வைத்து, அசையாமல் படுக்கவைத்து 108ஐ அழைப்பது. இறுக்கிக் கட்டினால் கை அழுகலாம். கீறவும் உறிஞ்சவும் கூடாது. மந்திரித்துப் பிழைத்தவர்களைக் கடித்தது விஷமற்ற பாம்பாக இருந்திருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் விட்டிருக்கும். அந்தப் பெயரை மந்திரவாதி வாங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பீடு. ஒரே இனப் பாம்பின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். 1978 முதல் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருவதுபோல வேறு வட்டாரங்களிலும் எடுக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து விஷத்தை மடக்கும். தீர்ந்துபோன காரணிகளைத் தராது. அவற்றைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் பிடிக்கும். நள்ளிரவில் உங்கள் அம்மாவிடம் மறுபடி ரத்தம் எடுத்தது, கல்லீரல் வேலையை முடித்துவிட்டதா என்று பார்க்கத்தான்.