"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களா? கையெழுத்துப் போடமுன் இதை வாசியுங்கள்

"அண்ணே, வேலையால நிப்பாட்டி எட்டு மாசம் ஆகுது. இனி ஏதும் செய்யலாமா?"

மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டு வந்துவிடுகிறார். ஒருநாள் கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையில் மூட்டை இறக்கிய பையன். இன்னொரு நாள் வெள்ளவத்தைப் புடவைக்கடையில் ஒன்பது வருடம் நின்ற தங்கச்சி. எத்தனை மாதம் என்று கேட்டதுமே எனக்கு வயிறு எரியும். வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போகச் சட்டம் தரும் அவகாசம் ஆறு மாதம். எட்டாம் மாதத்தில் போனால், எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வாசலோடு திரும்பவேண்டியதுதான்.

நான் வக்கீல் இல்லை. ஒரு வியாபார நிறுவனத்தில் பல வருடம் கணக்கு எழுதியவன். சம்பளப் பட்டியல் போட்டதும், 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்ற கடிதங்களை முதலாளி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ததும் இதே கைதான். அந்தப் பக்கத்துச் சூட்சுமம் தெரிந்த கடனுக்கு இதை எழுதுகிறேன்.

இலங்கையில் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. கடை, காரியாலய ஊழியருக்கு 1954 இல் ஒரு சட்டம், ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) 1958 இல், வேலை நீக்கத்துக்கு 1971 இல், வேலையை விடும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடைக்கு 1983 இல். எல்லாம் பத்திரமாகப் புத்தகத்தில் இருக்கின்றன. நம் ஆட்கள் தோற்பது கையில் கடதாசி இல்லாமலும் நாள் தவறியும்தான்.

ஏன் வாயால் மட்டும் சொல்கிறார்கள்?

"கணக்கைப் பார்த்து வாங்கிக்கொண்டு போ" என்று வாயால் சொல்வார்கள். எழுதித் தரமாட்டார்கள். பிறகு தொழில் நியாய சபையில் வந்து, "நாங்கள் நிறுத்தவேயில்லை சேர், அவர்தான் வேலைக்கு வரவில்லை" என்பார்கள். நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டவேண்டிய பொறுப்பு அவருடையது. மறுத்துவிட்டால், நிறுத்தினார் என்று காட்டவேண்டியது நீங்கள். ஒரே ஒரு கடிதம் இல்லாததால் வழக்கு இப்படித் தலைகீழாகப் புரண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அடுத்த நாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றபடியே மனேஜருக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்: "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை." அன்றைக்கே பக்கத்துத் தபாற்கந்தோரில் பதிவுத் தபால். இன்ன திகதி இன்னார் வரவேண்டாம் என்று சொன்னார், இன்று வந்தேன், நான் வேலை செய்யத் தயார், நிறுத்தியிருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். இவ்வளவு போதும். திட்டவேண்டாம், கதை எழுதவேண்டாம். கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

மலையகத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு குழி இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது அடையாள அட்டையைப் பார்த்துத் தோட்டத்து விலாசத்தை எழுதிக்கொள்வார்கள். உங்களை வெளியே அனுப்பிய கையோடு, 'மூன்று நாளில் வேலைக்கு வராவிட்டால் வேலையைக் கைவிட்டதாகக் கருதப்படும்' என்று அந்த விலாசத்துக்கே ஒரு பதிவுத் தபால் போகும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, தனி விலாசம் ஏது? கடிதம் தோட்டத்துக் கந்தோர் மேசையில் கிடந்து, யாராவது மனம் வைத்தால் வீடு வந்து சேரும். நீங்களோ கொட்டாஞ்சேனை அறையில் இருப்பீர்கள். கொழும்பு விலாசத்தை இன்றைக்கே எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குப் பிரதியில் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்படியொரு கடிதம் வந்தால் உடனே போய் நில்லுங்கள், பதிலும் போடுங்கள்.

அடுத்தது விலகல் கடிதம். சில இடங்களில் சேரும் நாளிலேயே திகதி போடாத கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வேறு இடங்களில் கடைசி நாளில், கதவைச் சாத்திவிட்டு, "கையெழுத்து வை, இல்லாட்டி பொலிசுக்குப் போவோம்" என்பார்கள். களவுக் குற்றச்சாட்டு என்றதும் பயந்து வைத்துவிடுகிறார்கள். பொலிசுக்குப் போகிறவர்கள் அநேகமாக உங்களிடம் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டார்கள். பயத்தில் வைத்துவிட்டாலும் அன்றைக்கே, பிந்தினால் மறுநாள், மிரட்டி வாங்கினார்கள் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று யோசித்திருப்பீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, 'வியாபாரம் சரியில்லை', 'ஆள் கூடிப்போச்சு' என்று நிறுத்தவேண்டுமானால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, உங்கள் எழுத்து மூலமான சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. இரண்டாவதற்கு விசாரணை, நட்டஈடு என்று செலவு இருக்கிறது. முதலாவதற்கு ஒரு பேனை போதும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால் அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் காரணத்தை, நிறுத்திய பின் வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தந்தாகவேண்டும்.

பணிக்கொடை: ஐந்தாம் வருடத்துக்கு முன் வரும் அன்பு

ஐந்து வருடம் முடிந்திருந்தால், நிறுத்தினாலும் நீங்களாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. "நீதானே விட்டுட்டுப் போறாய், அப்ப கிடையாது" என்பது பொய். மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அரை மாதம். கடைசிச் சம்பளம் 45,000 ரூபா, சேவை ஒன்பது வருடம் என்றால் 22,500 ஐ ஒன்பதால் பெருக்குங்கள்: 2,02,500 ரூபா. நாட்சம்பளம் என்றால் வருடத்துக்கு 14 நாள். வேலை முடிந்து 30 நாளுக்குள் தரவேண்டும். பிந்தினால் 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகம்.

முதலாளிமாருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். அதனால்தான் நாலே முக்கால் வருடத்தில் திடீரென்று அன்பாகக் கூப்பிட்டு, "ஒரு கடிதம் தந்திட்டு அடுத்த மாசம் புதுசா சேர், சம்பளமும் கூட்டித் தாறன்" என்பார்கள். அந்த ஒரு கடிதத்தோடு உங்கள் வருடக் கணக்கு மீண்டும் பூச்சியத்தில் தொடங்கும்.

பணிக்கொடைச் சட்டம் 15 பேராவது இருந்த இடங்களுக்குத்தான். இன்னொரு தந்திரம் அந்த 15 பேர் கணக்கு. சட்டம் பார்ப்பது நீங்கள் விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் 15 பேர் இருந்தார்களா என்பதை. கடையைத் தம்பி பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று என்று கடதாசியில் பிரித்துவிட்டு, "நாங்க எட்டுப் பேர்தான்" என்பார்கள். ஒரே கல்லாப்பெட்டி, ஒரே மனேஜர், ஒரே வட்ஸ்அப் குழு என்றால் அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியலைப் படம் பிடித்து வையுங்கள். உண்மையிலேயே 15 பேர் இல்லாத சின்னக் கடையாக இருந்தாலும் கதை முடியவில்லை. தொழில் நியாய சபையில் பணிக்கொடை கேட்கலாம். அங்கேயும் அதே ஆறு மாதம்தான்.

ஈ.பி.எஃப்: கழித்த காசு எங்கே?

சம்பளத்தில் உங்களிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 சதவீதம் முழுக்க முதலாளியுடையது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து இது உண்டு. 'தகுதிகாண் காலம் முடியட்டும்', 'நீ கசுவல்தானே' என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை. 'எனக்கு ஈ.பி.எஃப். வேண்டாம்' என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தக் கடதாசி செல்லாது.

பெரிய நட்டம் நடப்பது சம்பளத்தைப் பிரிக்கும் இடத்தில். மொத்தச் சம்பளம் 45,000. சம்பளச் சிட்டையில் அடிப்படை 30,000, மிச்சம் 15,000 'அலவன்ஸ்'. முதலாளி 30,000 க்குத்தான் கட்டுவார். வாழ்க்கைச் செலவுப்படி, உணவின் பெறுமதி, கொமிஷன் எல்லாம் ஈ.பி.எஃப். கணக்கில் சேரும், ஓ.டி. சேராது. அந்த 15,000 க்கு முதலாளியின் பங்கை மட்டும் பார்த்தாலே மாதம் 1,800 ரூபா போகிறது. பத்து வருடத்தில் 2,16,000, வட்டியைச் சேர்க்காமல். நானே இந்தப் பிரிப்பை எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன் என்று நினைக்கப் பிடிப்பதில்லை. 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதையும் சிட்டையைப் பார்க்கும்போது ஞாபகத்தில் வையுங்கள்.

அதைவிட மோசம், 8 சதவீதத்தைக் கழித்துவிட்டுக் கட்டாமலே விடுவது. வருடாந்த மீதிக் கூற்றை வேலைத்தலத்தில் கேட்டு வாங்குங்கள். "இன்னும் வரல்ல" என்ற பதில் இரண்டாம் முறையும் வந்தால் சந்தேகப்படுங்கள். கட்டாத காசை 5 முதல் 50 சதவீதம் வரை மிகைக்கட்டணத்தோடு அறவிடத் தொழில் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நீங்கள் முறைப்பாடு கொடுத்தால்தான் கோப்பு அசையும்.

தமிழ்ப் பெயர்காரருக்கு என்று தனியாக ஒரு தலையிடி இருக்கிறது. அந்த வெள்ளவத்தைப் புடவைக்கடைத் தங்கச்சியின் கூற்றை என் மேசையில் விரித்துப் பார்த்தோம். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், அவர் பெயர் பின்னால். கூற்றில் கடைக் கணக்கர் இரண்டையும் மாற்றி, ஒரு எழுத்தையும் விழுங்கி, அடையாள அட்டை இலக்கத்தில் 6 க்குப் பதில் 8 போட்டிருந்தார். ஒன்பது வருடக் காசு வேறொரு ஆளுடையதுபோல் கிடந்தது. திருத்துவதற்கு வேலைத்தலத்தின் கடிதம் கேட்பார்கள். கடை மூடிவிட்டால் அந்தக் கடிதத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? வேலையில் இருக்கும்போதே, முதல் வருடக் கூற்றிலேயே, பெயரையும் இலக்கத்தையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பழைய 'வி' இலக்க அட்டையை மாற்றிப் புதிய 12 இலக்க அட்டை எடுத்தவர்கள் இரண்டின் பிரதியையும் வைத்திருங்கள்.

இடையில் விலகினால் ஈ.பி.எஃப். 'வெட்டுப்பட்டுப் போகும்' என்பதும் கதைதான். காசு உங்கள் கணக்கில் வட்டியோடு இருக்கும். சாதாரணமாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். ஈ.டி.எஃப். ஐ வேலை மாறும்போதே எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை.

லீவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடை, காரியாலய ஊழியருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் தற்செயல் லீவு மட்டும். வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஓ.டி. ஒன்றரை மடங்கு. பிரசவ லீவு 84 வேலை நாள், மூன்றாவது பிள்ளைக்கும் அதேதான். 2018 க்கு முன்னைய பழைய கணக்கைக் காட்டி 42 நாள் என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

எந்தக் கந்தோர்?

சம்பளம், லீவு, ஈ.பி.எஃப்., 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துப் பணிக்கொடை எல்லாம் தொழில் கந்தோருக்கு. நியாயமற்ற வேலை நீக்கம் தொழில் நியாய சபைக்கு. இந்த இரண்டையும் குழப்பியதால்தான் பலருடைய ஆறு மாதம் போனது. வேலை நீக்கத்தைத் தொழில் கந்தோரில் சொல்லிவிட்டு, "விசாரணைக்குக் கூப்பிடுவாங்க" என்று காத்திருப்பார்கள். முதல் தவணைக்கு முதலாளி வரமாட்டார். இரண்டாம் தவணைக்கு வக்கீல் வந்து திகதி கேட்பார். மூன்றாம் தவணையன்று உத்தியோகத்தர் லீவு. அந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். ஐந்தாம் மாதத்துக்குள் தொழில் நியாய சபை விண்ணப்பம் உள்ளே போயிருக்கவேண்டும். வக்கீல்தான் வேண்டுமென்று இல்லை, தொழிற்சங்கமும் உங்களுக்காகத் தோன்றலாம்.

எல்லோரும் நேரே நாரஹேன்பிட்டி 'மெஹெவர பியச' கட்டடத்துக்குப் போய், லிஃப்டுக்கு வரிசையில் நின்று, மேலே போன பிறகு "இது இங்கே இல்லை" என்று கேட்டுத் திரும்புகிறார்கள். கொழும்பு வடக்கு, மத்தி, கிழக்கு என்று தொழில் கந்தோர்கள் பிரிந்திருக்கின்றன. பார்ப்பது நீங்கள் குடியிருக்கும் இடத்தையல்ல, வேலைத்தலத்தின் விலாசத்தை. கீழே விசாரிக்கும் இடத்தில் கடை விலாசத்தைக் காட்டி எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. "சிங்களத்தில எழுதிட்டு வாங்க" என்றால் மரியாதையாக மறுக்கலாம். ஆனாலும் கோப்பு வேகமாக நகரவேண்டுமென்றால் ஒரு சிங்களப் பிரதியையும் இணைத்துவிடுவது புத்தி. உரிமை வேறு, கந்தோரில் வேலை நடக்கும் விதம் வேறு. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கையெழுத்துக்கு மேலே 'எனக்குத் தமிழில் விளக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். ஆறு மாதம் கழித்து "அப்படியொரு முறைப்பாடு இல்லையே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கோப்பு நகரவில்லையா? 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் முறைப்பாட்டில் இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன என்று ஒரு விண்ணப்பம் போடுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்லியாகவேண்டும். தூங்கும் கோப்பை இதைப்போல் எழுப்புவது வேறொன்றும் இல்லை.

நியமனக் கடிதம் தரவில்லை என்றால் வழக்கே இல்லை என்று நினைக்காதீர்கள். வங்கிக்குச் சம்பளம் விழுந்த பதிவு, கடை பெயர் போட்ட சீருடையோடு எடுத்த படம், "நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்ற வட்ஸ்அப் செய்தி எல்லாம் சாட்சிதான். போன் மாற்றும்போது அந்தச் செய்திகளும் சேர்ந்து போய்விடும், அதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏ.டி.எம். துண்டுகளைப் பையில் மடித்து வைத்திருப்பவர்கள் அவற்றைக் கையோடு போட்டோக் கொப்பி எடுங்கள். சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.