நுண்ணிசைவு

மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் சென்ற மாதம் பிரபஞ்சவியல் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றை வாசித்தார்கள். 'நுண்சரிசெய்யப்பட்ட பிரபஞ்சம்' என்ற தொடர் ஏழெட்டு முறை வந்தது. வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "சரிசெய்யப்பட்டது என்று விஞ்ஞானியே சொல்லிவிட்டார். சரிசெய்தவன் ஒருவன் உண்டுதானே ஐயா?" அவர் மீது தவறில்லை. அந்தச் சொல்தான் அவரைக் கேட்க வைத்தது.

ஆங்கிலத்தில் அது 'ஃபைன் டியூனிங்'. டியூன் என்பது டோன் என்பதன் மறுவடிவம். இழுத்துக் கட்டுதல் என்னும் பொருளுள்ள கிரேக்க வேர். இயற்பியலார் அதனால் குறிப்பது இதுதான்: இயற்கையின் சில எண்கள் சற்றே மாறியிருந்தால் நாம் அறிந்த உயிர் தோன்றியிருக்காது. 1953இல் பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில், கார்பன் அணுக்கருவுக்குச் சுமார் 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்றார். இல்லாவிட்டால் உயிருக்கு அடிப்படையான கார்பன் விண்மீன்களுக்குள் போதிய அளவு விளையாது. ஆய்வகத்தில் தேடினார்கள், இருந்தது. அதை அங்கே வைத்தது யார் என்பதை அந்த அளவீடு சொல்லவில்லை.

'சரிசெய்தல்' சொல்லிவிடுகிறது. கெட்டுப்போனதைத்தான் நாம் சரிசெய்வோம்: குழாயை, மோட்டாரை, கணக்கை. ஆக, முன்பே ஒரு பிழை, பிறகு ஓர் ஆள் என்று இரண்டையும் அந்தச் சொல் கேட்காமலே உள்ளே கொண்டுவருகிறது. 'நுண்சீரமைப்பு' என்பாரும் உண்டு. வைகைக் கரையைச் சீரமைப்பதற்கும் அதே சொல்தான். தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடு எவ்வளவு கூர்மையானது! அமைந்தது, அமைத்தது, திருந்தியது, திருத்தியது. மெல்லின ஒற்று வல்லினமானதும் செய்பவர் வந்து நிற்கிறார். இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு 'செய்யப்பட்ட' என்று எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல். மூலத்துக்கு நேர்மையாக இருந்தேன் என்பார்கள். ஆங்கிலத்தில் தேய்ந்துபோன உருவகம் தமிழில் புதுச் சொல்லாக வரும்போது முழு உயிரோடு வருகிறது என்பதை யார் நினைக்கிறார்கள்?

மானாமதுரையில் கடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கையால் கல்லைத் தாங்கி, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலியவைக்கிறார்கள். சுருதி பெரும்பாலும் அந்தத் தட்டுதலிலேயே முடிவாகிறது. அங்கே செய்பவரைக் கண்ணால் காண்கிறோம். சைவ சித்தாந்தமும் குயவரைக் காட்டித்தான் இறைவனை நிமித்த காரணன், அதாவது செய்பவனாக நிற்கும் காரணம், என்கிறது. ஆனால் அதை அநுமானமாக, எதிர்வாதத்துக்கு இடம் விட்டு நிறுவுகிறது. சொல்லுக்குள் ஒளித்துவைக்கவில்லை.

என் சொல் 'நுண்ணிசைவு'. இசைதல் பொருந்துதலும் ஆகும், சுருதியின் நினைவும் அதில் இருக்கிறது. இசைவித்தவர் உண்டா என்பது திறந்தே இருக்கிறது. இசைவு என்றால் சம்மதம் அல்லவா என்று நண்பர் ஒருவர் மறுத்தார். தாளத்துக்கு இசைந்தது என்கிறோமே, தாளத்திடம் சம்மதம் கேட்டா?

அதே கட்டுரை, நிகழ்தகவு குறைந்த பிரபஞ்சம் என்று வரவேண்டிய இடத்தில் 'சாத்தியமற்ற பிரபஞ்சம்' என்றது. சாத்தியமற்றது எப்படி இருக்கிறது? நம் கையில் இருப்பது ஒரே பிரபஞ்சம். அதை வைத்து நிகழ்தகவை எப்படிக் கணக்கிடுவது என்பதே பெரிய வழக்கு. கடவுளே காரணம் என்பவரும் பல பிரபஞ்சங்கள் உண்டு என்பவரும் அங்கேதான் மோத வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவரிடம் கட்டுரையின் முதல் வரியை இப்படி வாசித்துக் காட்டப்போகிறேன்: "உயிர் தோன்றுவதற்கு நுண்ணிசைவாக அமைந்திருக்கிறது இப்பிரபஞ்சம், ஏன்?"