ரொன்சில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் ஐந்தாம் நாள்

"மிஸ், நேற்று இடியப்பமும் சொதியும் சாப்பிட்டவன். இண்டைக்கு எச்சில்கூட விழுங்கிறானில்லை. தொண்டைக்குள்ள டோர்ச் அடிச்சுப் பார்த்தன், ரெண்டு பக்கமும் வெள்ளையாய் சீழ் பிடிச்சிருக்கு."

காது மூக்குத் தொண்டை விடுதியில் தாதியாக வேலை செய்யும் எனக்கு இப்படியான அழைப்பு புதிதல்ல. பெரும்பாலும் இரவில்தான் வரும். பேசுவது அம்மா, இல்லாவிட்டால் அம்மம்மா. "ஒப்பரேஷன் செய்து எத்தனை நாள்?" என்று முதலில் கேட்பேன். நான்கு, ஐந்து, ஆறு என்றுதான் பதில் வரும்.

வேலைக்கு வந்த புதிதில், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது "இனி நாளுக்கு நாள் குறைஞ்சுகொண்டு வரும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னது பிழை. தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் ரொன்சில் சதையை எடுத்த புண்ணின் நோ அப்படிக் குறைவதில்லை. முதல் இரண்டு நாள் பிள்ளை ஓரளவு நன்றாக இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து நோ கூடும். ஐந்து, ஆறு, ஏழாம் நாட்களில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். முழுதாக ஆற 10 முதல் 14 நாள் எடுக்கும். இது தெரியாத வீட்டில், ஐந்தாம் நாள் வந்ததும் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் பதறுவார்கள். அதைவிட மோசமானது, இரண்டாம் நாளே "சுகம்" என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுவது.

அந்த வெள்ளை என்ன? ரொன்சில் எடுத்த இடத்தைப் பொதுவாகத் தைத்து மூடுவதில்லை. திறந்த புண்ணாகவே அது ஆறும். முழங்கால் உரஞ்சினால் காய்ந்த பொருக்கு வருகிறது அல்லவா? ஈரமான தொண்டையில் அதே பொருக்கு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படியும். அது சீழ் அல்ல. அதனால் வாய் நாறும், அதுவும் வழமைதான். துணியில் தேன் தோய்த்துத் துடைப்பது, மஞ்சள் பூசுவது, உப்புத் தண்ணீரை விட்டுக் கடுமையாகக் கொப்பளிக்க வைப்பது எதுவும் வேண்டாம். பொருக்கு தானாக விழவேண்டும். பல்லை மட்டும் வழமைபோல மெதுவாகத் தீட்டிவிடுங்கள்.

காது நோகிறது என்றும் பிள்ளை அழும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் தொண்டை நோவைக் காது நோவாகப் பிள்ளை உணர்கிறது. காதுக்குள் எண்ணெயோ வெங்காயச் சாறோ விடவேண்டாம். தொண்டை நோவுக்குக் கொடுக்கும் மருந்தே இதற்கும் போதும்.

அந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வீட்டில் நடப்பது இதுதான்: பிள்ளை அழுதால் பனடோல் (பரசிற்றமோல்) பாணி, அழாவிட்டால் இல்லை. நோ வந்த பிறகு கொடுத்தால் அந்தப் பாணியை விழுங்கவே பிள்ளைக்கு முடியாது. எனவே முதல் ஒரு கிழமைக்கு, அழுகிறதோ இல்லையோ, மணிக்கூட்டைப் பார்த்து 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். இரவில் எழுப்பிக் கொடுப்பதில் பாவம் பார்க்காதீர்கள். இரவு மருந்து தவறினால் காலையில் காய்ந்த தொண்டையோடு எழும்பும் பிள்ளைதான் அன்று முழுக்கக் குடிக்க மறுக்கும்.

அளவு வயதுக்கல்ல, நிறைக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம், 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் 10 மில்லிலீற்றர். போத்தல் லேபிளை ஒரு தடவை வாசித்துவிட்டு அளவுக் கோப்பையில் அளந்து கொடுங்கள், தேக்கரண்டியை நம்பாதீர்கள். தடிமனுக்கு வாங்கும் சில பாணிகளிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். கோடீன் என்ற நோ மருந்து ரொன்சில் எடுத்த பிள்ளைகளின் மூச்சையே அடக்கியிருக்கிறது, அதனால் 2013இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படியான பிள்ளைகளுக்கு அதைத் தடுத்தார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு எழுதிய இருமல் பாணியில் அது இருக்கலாம், எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரோபன் என்ற நோ மருந்து உங்கள் வைத்தியர் எழுதித் தந்திருந்தால் மட்டும். அதிலும் கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும், டெங்குவில் இரத்தம் கசியும் ஆபத்தை இந்த மருந்து கூட்டும். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு, எழுதித் தந்திருந்தாலும், கேட்காமல் அதைக் கொடுக்கவே கூடாது.

அடுத்தது குடிப்பது. நான் வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பிள்ளை சாப்பிடாவிட்டாலும் இரண்டு மூன்று நாள் சமாளிக்கலாம், குடிக்காவிட்டால் முடியாது. தொண்டை காய்ந்தால் நோ கூடும், நோ கூடினால் குடிக்காது, குடிக்காவிட்டால் இன்னும் காயும். நம்முடைய வெயிலில் இது ஒரே பகலில் நடந்துவிடும். மருந்து கொடுத்து அரை மணித்தியாலம் விட்டு, நோ அடங்கிய நேரம் பார்த்து ஆரம்பியுங்கள். ஒரு டம்ளரை முழுதாக நீட்டினால் பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மிடறு போதும். சலம் எத்தனை தடவை போகிறது, என்ன நிறம் என்று பாருங்கள். 8 மணித்தியாலமாகப் போகவில்லை, உதடு காய்ந்திருக்கிறது, பிள்ளை சோர்ந்து படுக்கிறது என்றால் விடிய விடியக் காத்திருக்காமல் கொண்டுவாருங்கள். சேலைன் ஏற்றினால் சில மணித்தியாலத்தில் முகமே மாறிவிடும்.

என்ன கொடுப்பது? இளநீர், ஆறின பால்கஞ்சி, யோகட், ஜெலி, காலத்துக்கு நுங்கு. ஐஸ்கிரீம் என்றதும் அம்மம்மாமார் முகம் சுருங்கும். "இவ்வளவு காலமும் ஐஸ்கிரீம் குடுக்காதே எண்டுதானே சொன்னியள்?" என்று ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. குளிர் புண்ணை மரக்கச் செய்யும், வீக்கத்தைக் குறைக்கும். ஐஸ்கிரீமால் சளி பிடிக்காது. தேசிக்காய், தோடம்பழம், தக்காளி ரசம் எரியும், தவிர்க்கலாம். சிவப்புச் சர்பத்தும் பீற்றூட்டும் ஒரு கிழமைக்கு வேண்டாம், ஏனென்றால் பிள்ளை சத்தி எடுத்தால் அது இரத்தமா சாயமா என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

சில சாப்பாடு கிரந்தி, புண்ணைக் கெடுக்கும் என்று சொல்லிப் பத்தியம் காக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைக்குப் பத்தியம் தேவையில்லை. குழைந்த சோறும் பருப்பும், முட்டை, முள் எடுத்த மீன், உறைப்பில்லாத சொதியோடு இடியப்பம் எல்லாம் கொடுக்கலாம். சப்பிச் சாப்பிடும்போது தொண்டைத் தசை அசைந்து இறுக்கம் குறையும். தொண்டையில் எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். முறுக்கு, மிக்சர் மட்டும் இரண்டு கிழமை தள்ளிப்போகட்டும்.

இப்போது இரத்தம். முதல் 24 மணித்தியாலத்தில் வருவதற்கு விடுதியிலேயே கண் வைத்திருப்போம். வீட்டில் பயப்படவேண்டியது ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, பொருக்கு விழும் காலத்தில் வருவது. பெரிய பிள்ளை துப்பும், தெரியும். சின்னப் பிள்ளை விழுங்கிவிடும். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள். எச்சிலில் ஒரு மெல்லிய கீற்று என்றாலும் விடுதிக்கு அழைத்துச் சொல்லுங்கள். துப்பும்போது செந்நிற இரத்தம், அல்லது கோப்பித்தூள் கரைத்ததுபோலச் சத்தி என்றால், நின்றுவிட்டாலும் வைத்தியசாலைக்கு வரவேண்டும். சிறிதாக வந்து நின்றது, சில மணித்தியாலத்தில் பெரிதாக வருவதுண்டு. பிள்ளையை இருத்தி, முன்னுக்குக் குனியவைத்து, பாத்திரத்தில் துப்பவிடுங்கள். வாயில் எதுவும் கொடுக்கவேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நெடுந்தீவிலிருந்து வரும் குடும்பங்களிடம் நான் மன்றாடியே கேட்பது இது: இரண்டு கிழமைக்கு யாழ்ப்பாண நகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலப் படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு இரத்தம் வந்தால் அங்கிருந்து உடனே கிளம்ப வழியிருக்காது.

அடினொயிட் என்ற சதையையும் சேர்த்து எடுத்திருந்தால், அது மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே இருப்பதால் வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. ஒரு கிழமைக்கு மூக்கைச் சீறவேண்டாம், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். குரல் மூக்கால் பேசுவதுபோல மாறும், சிலருக்குக் குடித்தது மூக்கால் வரும், கொஞ்ச நாளில் சரியாகும். கழுத்து ஒரு பக்கம் சரிந்து திருப்ப முடியாமல் நோகிறது என்றால் அதைச் சாதாரணப் பிடிப்பு என்று விடாமல் காட்டுங்கள். 38.5 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் நின்றாலும் அப்படித்தான். வேது (ஆவி) பிடிக்கவேண்டாம்.

பள்ளிக்கூடம் இரண்டு கிழமை இல்லை. சைக்கிள், கிரிக்கெட், கீரிமலைக் கேணி, திருவிழாச் சனக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையை எட்டாம் நாளே புலமைப்பரிசில் வகுப்புக்கு அனுப்பிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். திகதி குறிக்கும்போதே விடுமுறைக் காலத்தைக் கேளுங்கள், முடிந்தால் வைத்தியர் மாற்றித் தருவார்.

ரொன்சில் பெருத்ததால் வந்த குறட்டை முதல் கிழமையில் நிற்காது, வீக்கம் இருக்கும்வரை இருக்கும். கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா சொன்னது: பதின்மூன்றாம் நாள் இரவு திடுக்கிட்டு எழும்பினாராம். அறையில் சத்தமே இல்லை. பயந்துபோய்ப் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாராம். வாய் மூடியிருக்க, மூக்கால் மெதுவாக மூச்சு வந்துகொண்டிருந்தது.