பதினெட்டு வருடம் ஓட்டியவனுக்கு எட்டு போட வரவில்லை

ஃப்ளோரிடாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. கார் ஒன்றுகூட வந்து சேராத பெரிய பார்க்கிங் மைதானத்தில் 250 சிசி வண்டிகள் வரிசையாக நின்றன. என் வலப்பக்கம், முப்பது வருடமாகப் பெரிய ஹார்லி ஓட்டுகிற நரைத்த தாடிக்காரர். இடப்பக்கம், வாழ்க்கையில் முதல் தடவையாக பைக்கில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவி. நடுவில் நான். மதுரைத் தெருக்களில் பதினெட்டு வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டியவன்.

பயிற்சியாளர் கை காட்டியதும் கிளம்பினேன். இரண்டாவது கியரை யோசித்துப் போட்டேன், சரியாக விழுந்தது. மூன்றாவதை யோசிக்காமல் போட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது, பின் டயர் கீச்சென்றது, என் ஹெல்மெட் கிட்டத்தட்ட மீட்டரில் போய் முட்டியது. மூன்றுக்குப் பதிலாக ஒன்றில் விழுந்திருந்தது கியர். பக்கத்து மாணவி அந்தச் சுற்றை நிதானமாக முடித்துவிட்டு வந்து நின்றாள்.

விஷயம் இதுதான். ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் கால் விரலால் கீழே அமுக்கிப் போடுவது. அமெரிக்க வண்டியில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. என் காலுக்குத்தான் தெரியவில்லை. பழைய புல்லட்டிலிருந்து புது வண்டிக்கு மாறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்று பழகியவர், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்த கதை ஆளுக்கு ஒன்று இருக்கும்.

உளவியலில் இதை எதிர்மறைக் கடத்தல் என்பார்கள். பழைய பழக்கம் புதிய வேலைக்குக் கைகொடுக்காமல் குறுக்கே வந்து நிற்பது. சூழ்நிலை ஒன்றேபோல் இருந்து, செய்ய வேண்டியது மட்டும் தலைகீழாக இருந்தால் குழப்பம் உச்சத்துக்குப் போகும். கற்றல் மூன்று கட்டமாக நடக்கிறது என்று பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் வெளியான நூலில் விளக்கினார்கள். முதலில் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறோம். பிறகு தப்பு குறைகிறது. கடைசியில் யோசனையே இல்லாமல் உடம்பு பார்த்துக்கொள்கிறது. மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்ட ஒரு பழக்கத்தைத் திறந்து உள்ளே திருத்துவது கஷ்டம். அந்த மாணவிக்கு அழிக்க எதுவும் இல்லை, எழுத மட்டும்தான் வேண்டும்.

பதினெட்டு வருடம் ஓட்டியவன் எதற்கு அங்கே போய் நின்றான் என்று கேட்கலாம். சட்டம். ஃப்ளோரிடாவில் 2008 ஜூலை 1 முதல், வயது எதுவானாலும் மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டுமென்றால் இந்த அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். இதற்கான பாடத்திட்டம், 1973இல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் வகுத்தது. சுமார் 15 மணி நேரம், பெரும்பகுதி மைதானத்தில். உரிமமே எடுக்காமல் காலம் தள்ளிய தாடிக்காரரும், வெளிநாட்டில் ஓட்டிப் பழகிய என் போன்றவர்களும், முழுப் புதியவர்களும் ஒரே வரிசை. (21 வயது தாண்டியவர் 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்பதும் அதே மாநிலத்துச் சட்டம்தான். அது தனிக் கூத்து.)

அமெரிக்க ராணுவம் இதில் இன்னும் கறார். விடுமுறையில் சொந்த வண்டி ஓட்டும் வீரரும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. 2008 அக்டோபரோடு முடிந்த ஒரு வருடத்தில் பைக் விபத்துகளில் 25 மரீன் படையினர் இறந்தார்கள். அதே காலத்தில் இராக்கில் சண்டையில் இறந்த மரீன் படையினர் 20 பேர்.

சரி, மைதானத்துக்கு வருவோம். கியர் சங்கடம் ஒரு மணி நேரத்தில் ஓரளவு அடங்கியது. அடுத்து வந்தது பெட்டி. சுமார் 20 அடி அகலத்துக்குத் தரையில் கோடு போட்டு, அதற்குள் இப்படி ஒரு யூ டர்ன், அப்படி ஒரு யூ டர்ன். நம்மூர் ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போடுவது மாதிரியேதான். அதை நான் பதினெட்டு வயதில் போட்டு லைசென்ஸ் வாங்கியவன். இங்கே முதல் முயற்சியிலேயே கோட்டுக்கு வெளியே போனேன். தாடிக்காரர் காலை ஊன்றிவிட்டார்.

மெதுவாகப் போகும் வண்டி ஏன் இப்படிப் படுத்துகிறது? வேகம் இருந்தால் வண்டி பெருமளவு தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் முன் சக்கரம் தானாக அந்தப் பக்கம் திரும்பி, சக்கரங்களை எடைக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவால்தான் (சுழலும் பொருள் தன் அச்சின் திசையை மாற்ற விடாமல் எதிர்க்கும் குணம்) இது நடக்கிறது என்று பல காலம் சொல்லி வந்தார்கள். அந்த விளைவையே இல்லாமல் செய்த ஒரு விசேஷ சைக்கிளும் ஆள் இல்லாமல் விழாமல் ஓடுவதை 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு குழு காட்டிவிட்டது. எடை எங்கே இருக்கிறது, சக்கரம் எங்கே தரையைத் தொடுகிறது, ஹேண்டில்பார் திரும்பும் தண்டு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று பல சங்கதிகள் சேர்ந்து செய்யும் வேலை அது. எதுவானாலும், நடை வேகத்தில் இந்த உதவி அநேகமாக நின்றுபோகும். அப்போது விழாமல் வைத்திருப்பது ஓட்டுபவர் கிளட்ச்சைப் பாதி விட்டுப் பிடிக்கும் ஹாஃப் கிளட்ச்சும் உடம்பைச் சரிக்கும் விதமும் கண்ணும்தான்.

கண் என்றதும்தான் பயிற்சியாளர் அன்றைக்கு இருபது தடவை கத்தியது ஞாபகம் வருகிறது. “கோட்டைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார்!” கோட்டைத் தாண்டிவிடுவோமோ என்று பயந்து கோட்டைப் பார்த்தால், வண்டி கோட்டுக்கே போகும். கண் முன்னால் போக, கை பின்னால் போகிறது. 1994இல் மைக்கேல் லேண்டும் டேவிட் லீயும் கார் ஓட்டுபவர்களின் கண்களைப் பதிவுசெய்து பார்த்தார்கள். வளைவு வருவதற்கு ஒன்றிரண்டு விநாடி முன்பே கண் அதன் உள் ஓரத்தில் போய் நின்றுவிடுகிறது, கை அதற்கப்புறம்தான் திரும்புகிறது. தலையைத் தோளுக்கு மேல் திருப்பி, பெட்டியின் அந்தக் கோடியைப் பார்த்தபடி அரைக் கிளட்ச்சில் சுற்றினேன். வண்டி தானாகச் சுற்றி வந்த மாதிரி இருந்தது. பதினெட்டு வருடத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

இதைவிட விநோதம் அடுத்தது. வேகமாகப் போகும்போது வலது பக்கம் வண்டியைக் கொண்டுபோக வேண்டுமென்றால் எந்தப் பிடியை எப்படி அசைப்பீர்கள்? வலது பிடியை முன்னால் தள்ள வேண்டும். அதாவது ஒரு கணம் முன் சக்கரம் இடதுபக்கம் திரும்புகிறது. டயர் தரையைத் தொடும் இடம் இடப்பக்கமாக நழுவ, மேலே இருக்கும் எடை வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் வண்டி வலப்பக்கம் வளைகிறது. பெயர் கவுண்டர்ஸ்டீயரிங். சைக்கிள் பழகிய ஒவ்வொருவரும் சிறுவயதிலிருந்து இதைத்தான் செய்கிறார்கள், செய்கிறோம் என்று தெரியாமலே. விமானத்துக்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், பல சைக்கிள்காரர்களிடம் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று விசாரித்துப் பார்த்தாராம். கேட்டவுடன் முழுச் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

தெரியாமலே செய்கிறோம் என்றால் செய்துவிட்டுப் போவோமே, என்ன கெட்டுப்போச்சு? மெல்ல வளையும் சாலையில் ஒன்றும் கெடாது. எதிரே சட்டென்று ஒரு கார் குறுக்கே வந்தால்தான் வினை. அப்போது தேவைப்படுவது ஒரு பலமான, வேண்டுமென்றே செய்யும் தள்ளல். அது பழக்கத்தில் இல்லை. பதறிய மனம், போக நினைக்கும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பப் பார்க்கும். வண்டி எதிர்ப்பக்கம் சாயும். இல்லாவிட்டால் கை அப்படியே விறைத்துக்கொள்ளும்.

இதற்கு ஆதாரம் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு 900 பைக் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 3,600 போலீஸ் அறிக்கைகளையும் அலசி, 1981இல் முடிவுகளை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதல் வரை பெரும்பாலும் இரண்டு விநாடிகூட இல்லை. அந்த நேரத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துப் பின் சக்கரத்தை இழுபட விட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. கவுண்டர்ஸ்டீயரிங் செய்து வண்டியை ஒதுக்கும் திறமை அநேகமாக அறவே இல்லை என்று அறிக்கை சொல்கிறது.

பின் பிரேக் பழக்கம் நமக்கு அந்நியமில்லை. “முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவே” என்று சொல்லித்தான் என் சித்தப்பா எனக்கு வண்டி பழக்கினார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரங்களுக்கு நடுவே 1.35 மீட்டர், ஆளோடு சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 0.65 மீட்டர் உயரம், எடை முன்னும் பின்னும் சரிபாதி, காய்ந்த தார் ரோட்டில் டயரின் பிடிமானம் (உராய்வுக் கெழு) 0.8 என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. இரண்டு பிரேக்கையும் டயர் தாங்கும் அளவுக்குப் பிடித்தால், மொத்த எடையில் கிட்டத்தட்ட 88 சதவீதம் முன் சக்கரத்தில் போய் உட்காரும். பின் சக்கரம் அப்போது பாதி அந்தரத்தில் நிற்கிற மாதிரிதான். அதை எவ்வளவு மிதித்தும் பெரிய பயன் இல்லை.

மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறீர்கள். இரண்டையும் ஒழுங்காகப் பிடித்தால் 12 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால், சறுக்காமல் மிகத் திறமையாக மிதித்தாலும் 34 மீட்டர். இன்னொரு விதமாகச் சொல்கிறேன். முதல் ஆள் நின்றுவிட்ட அந்த 12 மீட்டர் கோட்டை இரண்டாவது ஆள் இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருப்பார்.

சித்தப்பா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எடை முன்னால் வந்து சேர ஒரு கணம் ஆகும். அதற்குள் லீவரைச் சட்டென்று இறுக்கினால், பாரம் ஏறாத முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். ஆகவே எலுமிச்சம்பழம் பிழிவது போல, தொட்டு, பிறகு இறுக்கி, மேலும் இறுக்கி. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில், 125 சிசிக்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழே பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்று வைத்தது இந்த இடத்தில்தான் உதவுகிறது.

பதினெட்டு வருடத்தில் நான் எத்தனை தடவை உயிர் போகிற மாதிரி பிரேக் பிடித்திருப்பேன்? ஐந்து தடவை இருக்கலாம். மற்றபடி தினமும் ஸ்பீடு பிரேக்கருக்கும் சிக்னலுக்கும் மாட்டுக்கும் லேசாகப் பிடித்ததுதான். அதற்குப் பின் பிரேக்கே போதும். போதும் போதும் என்று ஒவ்வொரு நாளும் சாலை என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தது. அதாவது தப்பான வழியைத்தான் ஆயிரக்கணக்கான தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். மைதானத்திலோ அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை முழு பிரேக் பிடிக்க வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை அடி தள்ளி நின்றேன் என்று உடனே சொன்னார்கள்.

பயிற்சியால் விபத்து குறைகிறதா என்றால், அதற்குப் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. 2010இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுபார்வை, கிடைத்த ஆய்வுகளின் தரம் போதாததால் தீர்மானமாக எதுவும் சொல்ல முடியாது என்றது. பயிற்சி கட்டாயம் என்றால் சிலர் உரிமம் எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள், அதனாலும் விபத்து எண்ணிக்கை குறைந்து தெரியலாம் என்றும் சொன்னது. தவிர, இரண்டு நாளில் பழகியது பழைய பழக்கத்தை விரட்டிவிடாது. அது பக்கத்தில் ஒரு இடம் பிடித்து உட்காரும், அவ்வளவுதான். தொடர்ந்து பழகாவிட்டால் பதற்றத்தில் பழையதுதான் முந்திக்கொண்டு வரும் என்பது என் எண்ணம்.

போன வருடம் ஊருக்குப் போனபோது மச்சானின் ஸ்ப்ளெண்டரை எடுத்தேன். தெருமுனையில் மூன்றாவது கியருக்காகக் கால் தானாக மேலே தூக்கியது. வண்டி உலுக்கி நின்றது. திண்ணையிலிருந்து மச்சான் கேட்டார்: “என்ன மாப்ள, அமெரிக்காவுல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு வந்தீங்களா, மறந்துட்டு வந்தீங்களா?”